கோடி போகத் தெரிந்த பாக்டீரியா

எங்கள் பக்கத்து ஊர்களில் ஏரி நிரம்பிவிட்டது என்று யாரும் சொல்வதில்லை. “ஏரி கோடி போவுது” என்பார்கள். ஏரிக்கரையின் ஓர் ஓரத்தில், கரையைவிடக் கொஞ்சம் தாழ்வாக, கல் வைத்துக் கட்டிய ஒரு வழி இருக்கும். அதுதான் கோடி. அதைத் திறக்க ஆள் வேண்டாம், மூடவும் ஆள் வேண்டாம். நீர்மட்டம் கல்லைத் தாண்டினால் தண்ணீர் தானாக வழியும். மட்டம் இறங்கினால் தானாக நின்றுவிடும். மதகு வேறு. வயலுக்கு எப்போது தண்ணீர் வேண்டும், எவ்வளவு வேண்டும் என்று பார்த்து ஒரு மனிதர் திறந்து மூட வேண்டியது அது. பல்லவர் காலத்துக் காவேரிப்பாக்கம் ஏரியிலிருந்து ஊருக்கு ஒதுக்குப்புறமான சின்னத் தாங்கல் வரை இந்த இரண்டும் உண்டு. மதகு இல்லாத ஏரியால் பயிருக்குப் பயனில்லை. கோடி இல்லாத ஏரி ஒரே மழையில் கரையை உடைத்துக்கொண்டு போய்விடும். 2021 நவம்பரில் பாலாறு புரண்டு ஓடியபோது, ஊருக்கு ஊர் ஜனங்கள் போய் நின்று பார்த்தது கோடியைத்தான்.

பாக்டீரியாவுக்குள்ளும் மதகு உண்டு, கோடி உண்டு. உயிரியல் பாடத்தில் இவற்றுக்கு அயனிக் கால்வாய்கள் என்று பெயர். செல்லைச் சுற்றியிருக்கும் கொழுப்புச் சவ்வில் குத்திவைத்த புரதக் குழாய்கள் இவை. திறந்தால் பொட்டாசியம், சோடியம் போன்ற மின்னூட்டம் பெற்ற துகள்கள் பாயும், மூடினால் நிற்கும். திறப்பது எப்படி என்பதைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறார்கள். சரியான நேரத்தில் மூடுவது அதைவிடக் கஷ்டமான வேலை என்பது என் எண்ணம். அதற்குப் போகுமுன் ஒரு தொட்டியைப் பார்த்துவிடலாம்.

ராணிப்பேட்டை, மேல்விஷாரம், பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி, இந்த ஊர்களில் வளர்ந்தவர்களுக்கு உப்புத்தோலின் வாசனையை விளக்கத் தேவையில்லை. உரித்த தோலை அப்படியே விட்டால் இந்த வெயிலுக்கு அன்றைக்கே கெட ஆரம்பிக்கும். அதனால் உப்பை அள்ளித் தேய்த்து அடுக்குகிறார்கள்; தோலின் எடையில் மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதி வரை உப்பு போகும். அந்த உப்பெல்லாம் பின்னால் பாலாற்றுக்கும் கிணறுகளுக்கும் என்ன செய்தது என்பது தனிக்கதை, 1996இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வரை போன கதை. இங்கே நமக்கு வேண்டியது தோலின் மேல் இருக்கும் பாக்டீரியாவின் கதை. உப்பு அதன் உடம்பிலிருக்கும் தண்ணீரையும் சேர்த்து இழுத்துவிடுகிறது. சில செத்துப்போகின்றன. பல பெருக முடியாமல் முடங்கிக் கிடக்கின்றன. உப்பைத் தாங்கும் வகைகள் மெதுவாகப் பிழைத்துக்கொள்கின்றன. வாரக்கணக்கில் இப்படிக் கிடந்த தோல் ஒருநாள் அதைப் பதனிடும் டேனரிக்கு வருகிறது. அங்கே முதல் வேலை, நல்ல தண்ணீரில் ஊறப்போடுவது.

டேனரியில் ஊறல் வேலையிலேயே காலம் தள்ளிய பெரியப்பா ஒருவர் எங்கள் குடும்பத்தில் இருந்தார். “ஊறல்ல போட்டுட்டு நேரத்துக்கு எடுக்கலன்னா தோலு போச்சு. முடி கையோட வந்துடும்” என்பார். கிருமி தின்றுவிடுகிறது என்று அர்த்தம். கல்லூரியில் முதல் வருஷம் படித்துக்கொண்டிருந்த நான், “அவ்ளோ நாள் உப்புல கெடந்தது செத்திருக்குமே பெரியப்பா?” என்று கேட்டேன். “எங்க சாவுது? தண்ணி பட்டதும் எழுந்துக்குது” என்றார்.

அவர் சொன்னது அனுபவம். ஆனால் கணக்குப் போட்டுப் பார்த்தால் தண்ணீர் பட்டதும் அது எழுந்திருக்கக் கூடாது. வெடித்திருக்க வேண்டும்.

கணக்கு இதுதான். உப்பு அதிகமாக இருக்கும் இடத்தில் வாழ வேண்டுமென்றால் செல்லுக்குள்ளும் கரைந்த பொருள்களின் அளவு அதிகமாக இருக்க வேண்டும். இல்லையென்றால் தண்ணீர் வெளியே ஓடிவிடும். ஈ.கோலை என்ற குடல் பாக்டீரியாவில் இதை அக்குவேறு ஆணிவேறாக ஆராய்ந்திருக்கிறார்கள். வெளியே உப்பு ஏறியதும் அது முதலில் பொட்டாசியத்தை உள்ளே இழுக்கிறது. அந்த நேர்மின்னூட்டத்துக்கு ஈடாகக் குளுட்டமேட்டைத் தயாரித்துக்கொள்கிறது. இது அவசரத்துக்குச் செய்யும் ஏற்பாடு. பொட்டாசியம் அளவு மீறினால் செல்லின் சொந்தப் புரதங்களுக்கே தொந்தரவு. அதனால் கொஞ்ச நேரத்தில் டிரெஹலோஸ் என்ற சர்க்கரையைச் செய்து நிரப்புகிறது. கிடைத்தால் புரோலினையும் கிளைசின் பீட்டெய்னையும் வெளியிலிருந்து வாங்கிக்கொள்கிறது. பீட்டெய்ன் என்ற பெயரே பீட்ரூட்டிலிருந்து வந்ததுதான். இவை எவ்வளவு சேர்ந்தாலும் புரதங்களின் வேலையைக் கெடுப்பதில்லை. உப்பை உப்பால் எதிர்க்காமல் இனிப்பாலும் இன்ன பிறவற்றாலும் எதிர்க்கும் வித்தை.

லிட்டருக்குப் பதினேழு பதினெட்டு கிராம் உப்புள்ள நீரில், அதாவது கடல்நீரில் பாதி உவர்ப்பில், இப்படிப் பழகிவிட்ட ஒரு செல்லை எடுத்துச் சட்டென்று நல்ல தண்ணீரில் போட்டால் என்ன ஆகும்? சவ்வூடு பரவல் விதிப்படி, வெளித் தண்ணீர் உள்ளே நுழைய முயலும் அழுத்தம் முன்பிருந்ததைவிடக் கிட்டத்தட்ட 15 வளிமண்டல அழுத்தம் கூடிவிடும். லாரி டயருக்கு அடிக்கும் காற்று ஏழெட்டு வளிமண்டல அழுத்தம். அதைப்போல இரண்டு மடங்கு, ஒரு மில்லிமீட்டரில் ஐந்நூறு அடுக்கக்கூடிய உடம்புக்குள். பாக்டீரியாவுக்கு வெளியே உறுதியான செல் சுவர் உண்டுதான். சாதாரண நாளில் கொஞ்சம் அழுத்தம் இருந்துகொண்டே இருப்பது அதற்கு நல்லதும்கூட. விறைப்பழுத்தம் என்று சொல்வது அதைத்தான். ஆனால் உள்ளே இருக்கும் சவ்வு மெல்லிய கொழுப்பு. அதன் பரப்பு நூற்றுக்கு மூன்று முதல் ஐந்து பங்கு விரிந்தாலே கிழிந்துவிடும். தண்ணீரோ மில்லிநொடிக் கணக்கில் உள்ளே வந்துவிடுகிறது. தண்ணீருக்கென்றே அக்வாபோரின் என்ற தனிவழி வேறு ஈ.கோலையில் இருக்கிறது. அந்த நேரத்துக்குள் ஒரு மரபணுவை எழுப்பி, புரதம் செய்து, யோசித்து நடவடிக்கை எடுப்பதெல்லாம் நடக்கிற காரியமில்லை. மதகுக்காரரைக் கூப்பிட்டு வருவதற்குள் கரை போய்விடும். ஆளில்லாமல் திறக்கும் கோடிதான் வேண்டும்.

அந்தக் கோடியைக் கண்டுபிடித்ததே ஒரு நல்ல கதை. ஒரு கால்வாய் வழியே மின்னோட்டம் பாய்கிறதா என்று பார்க்க, மிகக் கூர்மையான கண்ணாடிக் குழாயைச் சவ்வின்மேல் ஒட்டவைத்து அளக்கும் முறை 1970களில் ஜெர்மனியில் உருவானது. அதற்காக எர்வின் நேஹருக்கும் பெர்ட் சாக்மனுக்கும் 1991இல் நோபல் பரிசு கிடைத்தது. ஆனால் நரம்பு செல்லில் ஒட்டும் குழாயைப் பாக்டீரியாவில் எப்படி ஒட்டுவது? குழாயின் வாயே பாக்டீரியா அளவுக்கு இருக்கும். அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் சிங் குங்கின் ஆய்வகத்தில் போரிஸ் மார்ட்டினாக்கும் கூட்டாளிகளும் இதற்கு ஒரு தந்திரம் செய்தார்கள். செஃபலெக்சின் தெரியுமல்லவா, காயம் சீழ் பிடித்தால் டாக்டர் எழுதிக்கொடுக்கும் மாத்திரை? அதை ஈ.கோலைக்குக் கொஞ்சமாகக் கொடுத்தால் செல் வளரும், ஆனால் இரண்டாகப் பிரிய முடியாது. இடியாப்பம்போல நீண்டுகொண்டே போகும். பிறகு லைசோசைம் நொதியால் சுவரைக் கரைத்தால், அந்த நீள இழை சுருண்டு ஒரு பெரிய உருண்டையாகிவிடும். ஆறேழு மைக்ரான் அகலம். இப்போது குழாயை ஒட்டலாம்.

ஒட்டி, குழாயின் மறுமுனையில் மெல்ல உறிஞ்சினார்கள். சவ்வு உள்நோக்கி இழுபட்டதும் மின்னோட்டம் படிபோல ஒரே தாவாகத் தாவியது. உறிஞ்சுவதை நிறுத்தியதும் அதே படியில் இறங்கியது. 1987இல் இது வெளியானது. பாக்டீரியாவுக்கு எதற்கு அழுத்தம் உணரும் கால்வாய் என்ற கேள்விக்கு விடை வரப் பின்னும் பன்னிரண்டு வருஷம் ஆனது.

இடையில் 1994இல், இப்படி இழுத்தால் திறக்கும் கால்வாய்களில் பெரியதற்கான மரபணு பிடிபட்டது. எம்.எஸ்.சி.எல். என்று பெயர் வைத்தார்கள் (எம்.எஸ்சி. பட்டத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை). வெறும் 136 அமினோ அமிலங்கள் கொண்ட சின்னப் புரதம். அதைவிடச் சிறிய துளையுள்ள இன்னொன்று எம்.எஸ்.சி.எஸ். 1999இல் ஸ்காட்லாந்தின் அபர்டீனில் இயன் பூத்தின் குழு முடிவான சோதனையைச் செய்தது. எம்.எஸ்.சி.எல். மரபணுவை மட்டும் நீக்கினார்கள். செல்லுக்கு ஒன்றும் ஆகவில்லை. எம்.எஸ்.சி.எஸ்.ஸை மட்டும் நீக்கினார்கள். அப்போதும் ஒன்றும் ஆகவில்லை. இரண்டையும் நீக்கிவிட்டு, உப்புநீரிலிருந்து நல்ல தண்ணீருக்கு மாற்றினார்கள். பெரும்பாலான செல்கள் செத்தன. ஆக, பெரியப்பாவின் பாக்டீரியா ‘எழுந்துகொள்ள’ இந்த இரண்டில் ஒன்றாவது இருந்தே ஆக வேண்டும்.

சரி, எது அதைத் திறக்கிறது? எம்.எஸ்.சி.எல். புரதத்தைத் தனியாகப் பிரித்தெடுத்து, வேறு எந்தப் புரதமும் இல்லாத செயற்கைக் கொழுப்புச் சவ்வில் வைத்தாலும் இழுத்தால் திறக்கிறது. அப்படியானால் அதைத் திறக்கும் நெம்புகோல் இன்னொரு புரதமோ சமிக்ஞையோ இல்லை, சவ்வின் இழுவிசையேதான். 1998இல் கலிஃபோர்னியா தொழில்நுட்பக் கழகத்தில் டக்ளஸ் ரீஸின் குழு இதன் வடிவத்தைப் படம் பிடித்தது. அதற்கு எடுத்துக்கொண்டது ஈ.கோலையின் புரதத்தை அல்ல, காசநோய்க் கிருமியின் புரதத்தை. ஒரே மாதிரியான ஐந்து துண்டுகள் வட்டமாக நின்று நடுவில் ஒரு வழியை மூடிக்கொண்டிருக்கின்றன. மூடிய நிலையில் அந்த வழியின் மிகக் குறுகிய இடத்தில் எண்ணெய்த் தன்மையுள்ள அமினோ அமிலங்கள் நெருங்கி நிற்கின்றன. தண்ணீருக்கு அங்கே இடமில்லை. சவ்வு நாலா பக்கமும் இழுபடும்போது ஐந்து துண்டுகளும் சரிந்து, ஒன்றைவிட்டு ஒன்று விலகுகின்றன. பழைய கேமராவில் வெளிச்சம் வரும் வழி விரிவதைப் பார்த்திருப்பவர்களுக்கு இது புரியும். முழுக்கத் திறந்தால் துளை சுமார் 3 நானோமீட்டர் அகலம். அயனிக் கால்வாய்களின் உலகத்தில் இது மாட்டுவண்டி போகும் அகலம். எது எது என்று தேர்ந்தெடுக்காது. பொட்டாசியம், குளுட்டமேட், டிரெஹலோஸ் என எல்லாச் சிறு மூலக்கூறுகளும் ஒரே ஓட்டமாக வெளியேறிவிடும். பெரிய புரதங்கள் மட்டும் தங்கும்.

ஏரி உவமை இங்கே கொஞ்சம் இடறுகிறது என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஏரியில் கோடி வழியே போவது மிச்சத் தண்ணீர். பாக்டீரியா வெளியே தள்ளுவதோ, தண்ணீரை உள்ளே கூப்பிட்டுக்கொண்டிருந்த சரக்கை. மழையைத் தடுக்க முடியாத ஏரி, மேகத்தையே பிடித்து வெளியே எறிந்தால் எப்படியிருக்கும், அப்படி. உள்ளே கரைந்திருப்பது குறைந்ததும் அழுத்த வித்தியாசம் தணிகிறது, சவ்வின் இழுப்பு தளர்கிறது, கால்வாய் மூடுகிறது.

இந்தத் திறப்புக்கு ஆகும் இழுவிசையையும் அளந்திருக்கிறார்கள். எம்.எஸ்.சி.எல். திறக்க மீட்டருக்குப் பத்துப் பன்னிரண்டு மில்லிநியூட்டன் தேவை. தண்ணீரின் மேற்பரப்பு இழுவிசையில் ஆறில் ஒரு பங்குதான் இது. ஆனால் சவ்வு கிழிந்துபோகும் அளவுக்கு மிக அருகில் இருக்கிறது. அதாவது இது உயிர் போகும் நேரத்துக்கென்று வைத்த கடைசி வழி. எம்.எஸ்.சி.எஸ். அதில் ஏறக்குறைய பாதி இழுவிசையிலேயே திறந்துவிடும். சின்ன மழைக்குச் சின்னக் கோடி, பெருவெள்ளத்துக்குப் பெருங்கோடி. வீட்டுக் குக்கரிலும் இதே ஏற்பாடுதான்: முதலில் வெயிட் தூக்கி விசில் அடிக்கும், அது அடைத்துக்கொண்டால்தான் சேஃப்டி வால்வு உருகும். ஒரு வித்தியாசம், வால்வு உருகினால் புதுசு வாங்க வேண்டும். எம்.எஸ்.சி.எல். மறுபடி மூடிக்கொள்ளும்.

இந்த மூடுவதைத்தான் நான் முதலில் சொன்னேன். கோடிக்கல்லை ஒரு அடி இறக்கிவைத்தால் என்ன ஆகும் என்று ஏரி உள்ள ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். கரை உடையாது, ஆனால் ஏரியில் தண்ணீரும் நிற்காது. எம்.எஸ்.சி.எல்.லில் அந்தக் கல்லை இறக்கிப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். குறுகிய வழியில் 22ஆவது இடத்தில் கிளைசின் என்ற மிகச்சிறிய அமினோ அமிலம் இருக்கிறது. அதை எடுத்துவிட்டு நீரை விரும்பும், மின்னூட்டமுள்ள ஓர் அமினோ அமிலத்தை வைத்தால் கால்வாய் தொட்டதற்கெல்லாம் திறக்கும். செல் பொட்டாசியத்தை ஒழுகவிட்டுக்கொண்டே இருக்கும்; வளர்ச்சி தடுமாறும். இரண்டு கால்வாய்களும் இல்லாத செல்லாவது உப்புநீரிலேயே விட்டால் நன்றாக வளர்ந்துகொண்டிருக்கும். மூடத் தெரியாத கால்வாயுள்ள செல்லுக்கு அந்த நிம்மதிகூட இல்லை.

ஏனென்றால் ஒழுகுவது பொட்டாசியத்தோடு நிற்பதில்லை. பாக்டீரியா தன் சவ்வின் இரு பக்கமும் புரோட்டான் வித்தியாசத்தையும் மின்னழுத்தத்தையும் சேர்த்துவைத்து, அதைக்கொண்டுதான் செல்லின் எரிபொருளான ஏடிபியைச் செய்கிறது. நமக்கு மோர்தானா அணையில் நிற்கும் தண்ணீர் எப்படியோ அதற்கு அது அப்படி. மூன்று நானோமீட்டர் ஓட்டை ஒன்று திறந்தே இருந்தால் எல்லாம் வடிந்துவிடும்.

எம்.எஸ்.சி.எஸ். இதில் இன்னும் கெட்டிக்காரி. ஏழு துண்டுகளால் ஆன இந்தப் புரதத்தின் வடிவத்தையும் ரீஸின் குழுவே 2002இல் வெளியிட்டது. செல்லுக்குள் தொங்கும் அதன் அடிப்பகுதி ஒரு கூடைபோல இருக்கும். பக்கவாட்டில் சின்னச் சின்னத் துளைகள். வெறும் வடிகட்டி என்று தோன்றும். ஆனால் அந்தக் கூடை உள்ளே எவ்வளவு நெரிசல் என்றும் பார்க்கிறது. கால்வாய் நெடுநேரம் திறந்து, உள்ளிருப்பது போய்த் தண்ணீரும் குறைந்து, புரதங்கள் ஒன்றோடொன்று முட்டும் அளவுக்கு நெருங்கிவிட்டால், சவ்வு இன்னும் கொஞ்சம் இழுபட்டே இருந்தாலும் கால்வாய் பூட்டிக்கொள்ளும். அதற்கப்புறம் இழுத்தாலும் திறக்காது. இழுப்பு முழுக்கத் தளர்ந்த பிறகே பழைய நிலைக்கு வரும். வெளியே எவ்வளவு மழை என்று மட்டும் பார்க்காமல், ஏரியில் எவ்வளவு மிச்சம் என்றும் பார்த்து நின்றுகொள்ளும் கோடியை எந்த பொதுப்பணித் துறையும் இதுவரை கட்டியதில்லை.

இன்னொரு விஷயம் எனக்கு மிகவும் பிடித்தது. இந்தக் கால்வாய்கள் ஒரு செல்லில் நாலைந்துதான் இருக்கும் என்று ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தார்கள். பின்னால் ஒளிரும் புரதத்தை ஒட்டவைத்து எண்ணியபோது நூற்றுக்கணக்கில் இருப்பது தெரிந்தது. அதோடு, செல் உப்புநீரில் இருக்கும்போதும், சாப்பாடு தீர்ந்து வளர்ச்சி நின்றபோதும் அதன் எண்ணிக்கை கூடுகிறது. யோசித்துப் பாருங்கள், உப்புநீரில் இருக்கும்போது இவற்றால் ஒரு பயனும் இல்லை. நல்ல தண்ணீர் வரும்போதுதான் வேலை. வந்தபிறகு செய்யத் தொடங்கினால் நேரமிருக்காது என்பதால், கடும் வறட்சியிலேயே வெள்ளத்துக்கான வழியைக் கட்டிவைக்கிறது. ஏரி வற்றியிருக்கும் கோடைக் காலத்தில்தானே கோடிக்கல்லைச் சரி பார்க்க முடியும்.

காசநோய்க் கிருமியின் எம்.எஸ்.சி.எல். பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அதை ஈ.கோலையில் வைத்துச் சோதித்தபோது, திறக்க ஏறக்குறைய இரண்டு மடங்கு இழுவிசை தேவைப்பட்டது. இரண்டு கிருமிகளின் சவ்வும் சுவரும் வேறு, வாழும் இடமும் வேறு. ஒரே வார்ப்பிலிருந்து வந்த கோடியின் கல்லை ஒவ்வொன்றும் தன் ஊர்க்கரைக்கேற்ற உயரத்தில் வைத்துக்கொண்டிருக்கிறது என்று நான் எடுத்துக்கொள்கிறேன்.

காசநோய் என்றதும் ஸ்ட்ரெப்டோமைசின் ஊசி நினைவுக்கு வருகிறது. காசநோய்க்கு வேலை செய்த முதல் நுண்ணுயிர்க்கொல்லி அது; 1943இல் கண்டுபிடித்தார்கள். கொஞ்சம் பருமனான, மின்னூட்டமுள்ள இந்த மூலக்கூறு பாக்டீரியாவின் சவ்வைத் தாண்டி எப்படி உள்ளே போகிறது என்பது நெடுநாள் கேள்வி. 2014இல் பால் பிளவுன்ட்டின் குழு வெளியிட்ட ஆய்வில், எம்.எஸ்.சி.எல். இருக்கும் ஈ.கோலையை இந்த மருந்து அதிகம் பாதிப்பதும், இல்லாததைக் குறைவாகப் பாதிப்பதும் தெரிந்தது. மருந்தே கால்வாயைத் திறக்க வைத்து அதன் வழியாக நுழைகிறது. வெளியே தள்ளுவதற்கென்று வைத்த வழியில் எதிரி உள்ளே வந்துவிட்டான். மனித செல்லில் எம்.எஸ்.சி.எல். கிடையாது. அதனால் இந்தக் கோடியை வேண்டுமென்றே திறந்துவிடும் மருந்துகளைத் தேடும் வேலை நடந்துகொண்டிருக்கிறது. கிளைசினை மாற்றிய செல்லுக்கு ஆன கதியை நோய்க்கிருமிக்கும் வரவைக்கலாம் என்பது யோசனை.

இதுவரை சொன்னதெல்லாம் கோடி. மதகைப் பற்றியும் கொஞ்சம். மதகுகள் ஆள்பார்த்து அனுப்புபவை. ஸ்ட்ரெப்டோமைசிஸ் லிவிடன்ஸ் என்ற மண் பாக்டீரியாவின் கே.சி.எஸ்.ஏ. என்ற பொட்டாசியக் கால்வாயின் வடிவத்தை 1998இல் ராடெரிக் மெக்கினன் வெளியிட்டார். 2003இல் வேதியியல் நோபல் பெற்றார். (அதே பரிசைப் பகிர்ந்துகொண்ட பீட்டர் ஆக்ரேதான் அக்வாபோரினைக் கண்டுபிடித்தவர்.) இந்தக் கால்வாயின் விசித்திரம், பெரிய பொட்டாசியம் போகும், அதைவிடச் சிறிய சோடியம் போகாது. சின்னது புகாத ஓட்டையில் பெரியது எப்படிப் புகும்? தண்ணீரில் இருக்கும் அயனி தனியாக இருப்பதில்லை. நீர் மூலக்கூறுகளை உடுத்திக்கொண்டிருக்கும். குறுகிய வழியில் நுழைய அந்த உடுப்பைக் கழற்ற வேண்டும், அதற்கு ஆற்றல் செலவு. வழியின் சுவரில் வரிசையாக நிற்கும் ஆக்சிஜன் அணுக்கள் பொட்டாசியத்தின் அளவுக்குக் கச்சிதமான தூரத்தில் நின்று, கழற்றிய உடுப்புக்குப் பதில் உடுப்பாகின்றன. சிறிய சோடியத்துக்கு அது தொளதொள. தண்ணீரை விட்டு வர மாட்டேன் என்கிறது. இவ்வளவு பார்த்துப் பார்த்து அனுப்பியும் நொடிக்குப் பத்து கோடி அயனிகள் வரை போகின்றன. இது எண்ணிக்கைக் கோடி. இந்த மதகைத் திறப்பது செல்லின் உட்பக்கம் கூடும் அமிலத்தன்மை.

மதகைத் திறக்கும் ஆள் ஒவ்வொரு கால்வாய்க்கும் வேறு. ஈ.கோலையில் கெஃப்சி என்று ஒரு பொட்டாசிய வழி இருக்கிறது. குளுட்டதயோன் என்ற பொருள் அதன்மேல் உட்கார்ந்து மூடியே வைத்திருக்கும். மெத்தில்கிளையாக்சல் போன்ற நச்சு உள்ளே சேர்ந்தால் குளுட்டதயோன் அதைப் பிடித்துக்கொள்ளும்; அந்த ஜோடி வந்து உட்கார்ந்ததும் மதகு திறக்கும். பொட்டாசியம் வெளியே போகும், ஈடாகப் புரோட்டான் உள்ளே வந்து செல் கொஞ்சம் புளிக்கும். அந்தப் புளிப்பில் நச்சால் வரும் சேதம் குறைகிறது.

டேனரியில் ஊறலுக்கு அடுத்தது சுண்ணாம்புத் தொட்டி. அந்தக் காரம் எந்தப் பாக்டீரியாவுக்கும் அதிகம்தான். ஆனால் அதைவிடக் குறைந்த காரத்தில், உவர் ஏரிகளிலும் உவர் மண்ணிலும், சுகமாக வாழும் பேசில்லஸ் வகைகள் உண்டு. அவற்றில் ஒன்றான பேசில்லஸ் ஹாலோடூரன்ஸிலிருந்து 2001இல் ஒரு சோடியக் கால்வாயை எடுத்துக் காட்டினார்கள். அதன் இனத்துக் கால்வாய்கள் காரத்தில் வாழும் பாக்டீரியாவில் சோடியத்தை உள்ளே விடுகின்றன. இன்னொரு புரதம் அந்தச் சோடியத்தை வெளியேற்றிப் புரோட்டானை வாங்கி உள்ளே வைக்கிறது. இப்படி ஒரு சுழற்சியில்தான் வெளியே காரம் இருந்தும் உள்ளே காரம் ஏறாமல் பார்த்துக்கொள்கின்றன.

பெரியப்பாவின் தொட்டிக்குத் திரும்பினால், ஒன்று பாக்கி இருக்கிறது. உப்புத்தோல் அடுக்கில் சில நேரம் செம்மண் பூசினதுபோல் சிவப்புத் திட்டுகள் வரும். அது வந்த தோலுக்கு விலை குறையும். அந்தச் சிவப்பு பாக்டீரியா அல்ல, ஆர்க்கியா என்ற தனி உயிர்ப்பிரிவைச் சேர்ந்தது. உப்பளங்கள் சிவப்பதும் இவற்றால்தான். இவை டிரெஹலோஸ், பீட்டெய்ன் என்றெல்லாம் சுற்றிப் போவதில்லை. நேராகப் பொட்டாசியத்தையே கெட்டியாக உள்ளே நிரப்பிக்கொண்டு, தங்கள் புரதங்களையும் அதற்கேற்ப மாற்றிவிட்டன. இவற்றிலும் இழுவிசைக்குத் திறக்கும் கால்வாய்கள் இருப்பதை ஹாலோஃபெராக்ஸ் என்ற இனத்தில் கண்டிருக்கிறார்கள். ஆனாலும் இவற்றில் ஹாலோபாக்டீரியம் போன்றவற்றை நல்ல தண்ணீரில் போட்டால் உடைந்து கரைந்துவிடும். அவற்றின் மேலுறைப் புரதங்களைச் சேர்த்துப் பிடித்திருப்பதே வெளியிலுள்ள உப்புதான். அந்தத் தொட்டியில் எழுந்துகொண்டவை வேறு. கரையையே உப்பால் கட்டிக்கொண்ட இவற்றுக்குக் கோடி இருந்தும் பயனில்லை.